‘வேண்டாம்’ பொத்தான் எங்கே?

நாலு வரி தட்டச்சு செய்வதற்குள் திரையின் நடுவே ஒரு பெட்டி குதிக்கிறது: அறிவிப்புகளை இயக்கவா? பதில் இரண்டுதான். ‘சரி’, ‘பிறகு’. கடன் கேட்டு வருகிறவன்கூட இல்லைன்னு சொன்னா கிளம்பிடுவான். இதனிடம் இல்லை என்று சொல்லவே வழியில்லை.

1990களின் இறுதியில் டிரைபாட் தளத்துக்காக ஈதன் ஜுக்கர்மேன் பாப்-அப் விளம்பர நிரலை எழுதினார். பாலியல் பக்கமொன்றில் தன் விளம்பரம் வந்ததைப் பார்த்து ஒரு கார் கம்பெனி பதறியது. அதற்காகத்தான் அந்தத் தனி ஜன்னல். 2014இல் அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த வழியில் வந்தவர்கள் கேட்கவில்லை.

‘பிளாக்கர் போட்டுக்கோயேன்’ என்பார்கள். பிரவுசர் தானாகத் தடுப்பது தனி ஜன்னலை. இன்றைய பெட்டிகள் பக்கத்துக்குள்ளேயே முளைப்பவை. அதோடு, பூட்டு வாங்கச் சொல்லி எனக்கு அறிவுரை. ஓயாமல் கதவைத் தட்டுகிறவனுக்கு ஒண்ணும் கிடையாதா?

பிரான்சில் கிடைத்தது. குக்கீகளை ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் என 2022 ஜனவரியில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சில மாதங்களிலேயே ஐரோப்பாவில் கூகுளின் பெட்டியில் ‘அனைத்தையும் நிராகரி’ வந்துவிட்டது.

ஆக, அந்தப் பொத்தானை வைக்க முடியாமல் இல்லை. மனசுதான் இல்லை. மனசு வராதவனுக்கு அபராதம்தான் புரிகிற மொழி.