மய்யித்துக்கு வசூல்! நோயாளிக்கு என்ன செய்தோம்?

வெளிநாட்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால் போதும். ஜும்ஆ முடிந்ததும் அறிவிப்புச் செய்கிறோம். பள்ளிவாசலில் துண்டு விரிக்கிறோம். மய்யித்தைக் கொண்டுவர நாலு பேர் அலைகிறார்கள். செய்ய வேண்டியதுதான். குறை சொல்லவில்லை. ஆனால் அதே மனிதர் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று மாதக் கணக்கில் கேம்ப் கட்டிலில் முனகிக் கிடந்தாரே, அப்போது இந்தத் துண்டு எங்கே போயிருந்தது?

சோழபுரமானாலும் இராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் கதை ஒன்றுதான். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் கடந்து மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஊரார் காயத்துக்குக் கட்டுத்துணி அனுப்பும் வட்டாரம் இது. கடல் கடந்த நம் பிள்ளைகளின் காயத்தை மட்டும் நாம் கேட்பதில்லை.

ஏன் மறைக்கிறார்?

அவர் கணக்குப் போடுகிறார். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும். அடிக்கடி போட்டால் ஃபோர்மேன் முறைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனால் ஊருக்கு டிக்கெட் கையில் வந்துவிடும். விசாவுக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. தங்கை நிக்காஹ் பாக்கி. தம்பியின் காலேஜ் ஃபீஸ் பாக்கி. ஆகவே நோயை விழுங்கிவிடுகிறார். தாயாரின் மருந்துக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர், தன் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார். போனில் கேட்டால், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார்.

இதைத் தியாகம் என்று நாம் மேடையில் புகழ்கிறோம். சகோதரர்களே, இந்தப் புகழ்ச்சி யாருக்குப் பயன்படுகிறது? அவர் பையில் இருக்கும் நம் கையை எடுக்காமல் இருக்கத்தான் பயன்படுகிறது! நகை போட அவர். வலீமாவுக்கு பிரியாணி அண்டா ஏற்ற அவர். பள்ளிவாசலுக்கு ஏசி மாட்டவும் அவர். நோயாளிக்கும் பயணிக்கும் ரமலான் நோன்பிலேயே சலுகை கொடுத்த மார்க்கம் நம்முடையது. இவரோ நோயாளியும் ஆவார், பயணியும் ஆவார். படைத்தவன் கொடுத்த சலுகையை மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தார்களா? மாமன், மச்சான் கொடுத்தார்களா? நாம் கொடுத்தோமா?

உரிமை இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை

சவூதி தொழிலாளர் சட்டத்தின் 117ஆவது பிரிவு என்ன சொல்கிறது? நோயுற்ற தொழிலாளிக்கு ஓராண்டில் 30 நாள் முழுச் சம்பளம். அடுத்த 60 நாள் முக்கால் சம்பளம். அதன்பின் 30 நாள் சம்பளமில்லா விடுப்பு. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் 90 நாள் விடுப்பு. அதில் 15 நாள் முழுச் சம்பளம், 30 நாள் அரைச் சம்பளம். கோடையில் திறந்த வெளியில் நண்பகல் வேலைக்குத் தடையும் உண்டு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணி முதல் 3 மணி வரை. விமானம் ஏறுமுன் இதை எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்? பணம் வாங்கிய ஏஜென்ட் சொன்னாரா? வழியனுப்பிய நாம் சொன்னோமா? ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலைக்காரர் கதை இன்னும் மோசம். அவர்களை இந்தத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி, தனி விதியில் வைத்திருக்கிறார்கள்.

இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2003 முதல் இருக்கிறது. பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். நோய்ச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் வரை. ஆனால் இது யாருக்குக் கட்டாயம்? எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படும் பாஸ்போர்ட்காரருக்கு மட்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் கிளியரன்ஸும் வேண்டாம். இன்சூரன்ஸும் கட்டாயம் இல்லை. பத்து படித்துவிட்டு மூட்டை சுமக்கப் போகிறவருக்கு வெயில் குறைத்தா அடிக்கும்? விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறவர் நிலையோ அதைவிடப் பரிதாபம்.

அரசுகளுக்குக் கேள்வி

2023-24இல் வெளிநாடுவாழ் இந்தியர் நாட்டுக்கு அனுப்பிய தொகை சுமார் 11,870 கோடி டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். இது ரிசர்வ் வங்கி சொல்லும் கணக்கு. அனுப்பிய பணத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அனுப்பியவரின் நாடித்துடிப்பை எண்ண நேரமில்லை! கேரளம் 1996லேயே நோர்க்கா என்று தனித் துறை கண்டது. திரும்பி வந்த ஏழைத் தொழிலாளியின் சிகிச்சைக்கு 50,000 ரூபாய் வரை தரும் ‘சாந்த்வனா’ திட்டம் அங்கே நடக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் சட்டம் போட்டார்கள். வாரியம் அமைப்போம் என்ற அறிவிப்புக்கே 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பத்தாண்டில் நோயோடு திரும்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அரசைக் கேட்போம். ஆனால் அரசு வரட்டும் என்று ஜமாஅத் கைகட்டி நிற்கலாமா?

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு வேண்டும். யார் எந்த நாட்டில், என்ன விசாவில், என்ன நோயோடு இருக்கிறார் என்பது அதில் இருக்கட்டும். புறப்படுமுன் பாஸ்போர்ட், ஒப்பந்தம், இன்சூரன்ஸ் நகல்களை வாங்கி வையுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிய வையுங்கள்.

இரண்டாவது, ஆபத்து என்றால் தூதரகத்தை அணுகுங்கள். இந்தியச் சமுதாய நல நிதி 2009 முதல் இருக்கிறது. ஆதரவற்று நிற்பவரின் அவசரச் சிகிச்சைக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் அதில் இடமுண்டு. மத்திய அரசின் ‘மதத்’ தளத்தில் குடும்பத்தாரே ஊரிலிருந்து புகார் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஊரிலிருந்து மாத்திரை கொடுத்தனுப்பும்போது டாக்டர் சீட்டு இல்லாமல் அனுப்பாதீர்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அங்கே சிறையில் தள்ளிவிடும்.

நான்காவது, திரும்பி வந்தவரைத் தோற்றவராகப் பார்க்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. கார்டு எடுக்கக் கூடவே போங்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியே 2022இல் வந்துவிட்டது.

ஐந்தாவது, பைத்துல்மாலைத் திறவுங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் உண்டு, வழிப்போக்கரும் உண்டு. விசாக் கடனோடு அந்நிய மண்ணில் நோயாளியாகக் கிடப்பவரை விடவா தகுதியானவரைத் தேடுகிறீர்கள்?

சமுதாயமே! வரும் ஜும்ஆவில் முத்தவல்லியிடம் கேளுங்கள்: நம் மஹல்லாப் பிள்ளைகளில் வெளிநாட்டில் நோயோடு வேலை செய்கிறவர் எத்தனை பேர்? பதில் தெரியாவிட்டால் அன்றைக்கே பதிவேட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். மய்யித்துக்குத் தோள் கொடுப்பது கடமை. உயிரோடு இருப்பவருக்குக் கை கொடுப்பது அதற்கு முந்திய கடமை.