முகமூடி ஆட்டமும் கலை மாணவரும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம்மவர் பழமொழி. முகத்தையே மறைத்துவிட்டால் அகம் எங்கே தெரியும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த கலையே முகமூடி ஆட்டம். ஓவியமும் சிற்பமும் பயிலும் மாணவர் சிலர் உலகின் முகமூடிகளையும் சடங்கு ஆட்டங்களையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். வரவேற்கத்தக்க முயற்சியே. எனினும், கண்ணாடிப் பேழையில் கிடக்கும் முகமூடியைப் பார்த்து வரைவது கல்வியின் தொடக்கம் மட்டுமே; அதனை அணிந்து ஆடும் மனிதரிடம் சென்று பயில்வதே அக்கல்வியின் நிறைவு என்பது என் துணிபு.

1907ஆம் ஆண்டு பாரிசு நகரின் துரொக்கதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டார் ஓவியர் பிக்காசோ. அவ்வாண்டில் அவர் தீட்டிய 'அவிஞ்ஞோன் நங்கையர்' ஓவியத்தில் பெண்கள் இருவரின் முகங்கள் முகமூடிகளையே ஒத்துள்ளன. மேலை ஓவியத்தின் போக்கையே மாற்றிய படைப்பு அது. ஆயினும் அம்முகமூடிகளைச் செதுக்கியவர் யார், எந்தச் சடங்கில் யார் அவற்றை அணிந்தனர் என்பவற்றை அவ்வோவியம் நமக்குச் சொல்வதில்லை. வடிவம் பாரிசுக்கு வந்தது. ஆட்டம் ஆப்பிரிக்காவிலேயே நின்றுவிட்டது.

இதற்கு மாறான வழியும் உண்டு. இந்தோனேசியாவின் சாவகத் தீவில், வடகடற்கரையை ஒட்டிய சிரெபோன், இந்திரமாயு வட்டாரங்களில் வழங்கும் 'தோபெங்' என்னும் முகமூடி ஆட்டம் அதற்குத் தக்க சான்றாகும். அங்கு வாழும் மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திருமணத்திலும், அறுவடைக்குப் பின் நிகழும் நன்றி விழாவிலும், முன்னோர் அடக்கத்தலங்களில் ஊர் கூடும் நாளிலும் இவ்வாட்டம் நிகழ்கிறது. சாவகத்தில் இஸ்லாத்தைப் பரப்பிய பெரியார்களுள் ஒருவரான சுனான் கலிஜாகாவோடு இதனைத் தொடர்புபடுத்திப் பேசுவது அப்பகுதியினரின் வழிவழி வழக்கு. நோன்பிருத்தலும் ஆடுவோரின் பயிற்சியுள் ஒன்றாகும்.

பஞ்சி, சம்பா, ரும்யாங், துமெங்குங், கெலானா என ஐந்து முகமூடிகள் உண்டு. வெண்ணிறப் பஞ்சி, தாழ்ந்த பார்வையுடன் பிறந்த குழவியின் தூய்மையைக் குறிக்கும். செந்நிறக் கெலானாவோ பிதுங்கிய விழிகளுடன், சினமும் பேராசையும் ஆட்டிப்படைக்கும் மனிதனைக் காட்டும். இவற்றை மனித வாழ்வின் படிநிலைகளாக விளக்குவர்.

இம்முகமூடியை ஆடுபவர் கயிற்றால் கட்டிக்கொள்வதில்லை. அதன் உட்புறத்தில் பொருத்திய தோல்வாரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார். ஆகவே ஆடும்போது அவர் பேசவோ பாடவோ இயலாது. பஞ்சி ஆட்டத்தில் காமெலான் இசைக்குழு உரத்தும் விரைந்தும் முழங்கும். ஆடுபவரோ ஏறத்தாழ அசைவின்றி நிற்பார். ஆரவாரத்தின் நடுவே நிலைபெற்ற அந்த அடக்கமே ஆட்டத்தின் பொருள். தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்றாரேயன்றி 'முகப்பாடு' என்றாரல்லர். முகம் மறைந்தவிடத்து மெய் முழுதும் முகமாகிறது. இதனை எந்த அருங்காட்சியகப் பேழை நமக்குக் கற்பிக்கும்?

ஊரார் 'மிமி' என அழைத்த ரசினா அம்மையார், இந்திரமாயுப் பகுதியில் 1930இல் பிறந்தவர். ஆட்டக் குடும்பத்தில் இளமையிலேயே பயின்றவர். காலப்போக்கில் ஆட்டத்துக்கு ஆதரவு குன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் ஆடாதிருந்தார். 1994இல் எண்டோ சுவாண்டா, தோத்தோ அம்சார் சுவாண்டா ஆகிய ஆய்வாளர்கள் அவரைத் தேடிச் சென்று மீண்டும் ஆடச் செய்தனர். அதன்பின் அயல்நாட்டு அரங்குகளிலும் ஆடினார்; இளையோருக்கும் கற்பித்தார். 2010இல் அவர் மறைந்த பின்னும் பேத்தி ஏர்லி அம்மரபைத் தொடர்ந்து ஆடினார். ஆய்வாளர் முகமூடியை மட்டும் விலைக்கு வாங்கிச் சென்றிருப்பின் ஒரு மரப்பொருள் எஞ்சியிருக்கும். ஆட்டம் அம்மையாரோடு மடிந்திருக்கும்.

'பிறர் சடங்குகளை நம் பிள்ளைகள் ஏன் கற்க வேண்டும்?' எனப் பெரியோர் சிலர் வினவலாம். அவ்வினாவில் அக்கறை உண்டு. அதனைப் புறந்தள்ளுதல் தகாது. ஆயினும் கற்பது வேறு, வழிபடுவது வேறு. பதினோராம் நூற்றாண்டில் பேரறிஞர் அல்பிரூனி வடமொழி கற்று, இந்திய மக்களின் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் அவர்தம் நூல்வழியே அறிந்து எழுதினார். அதனால் அவருடைய சமயப் பற்று குறைந்துவிடவில்லை. உலகின் அறிவே பெருகிற்று.

ஆதலின் கலை மாணவர் செய்யத்தக்கன சில. ஆடுபவரின் இசைவு பெற்ற பின்னரே வரைகோலை எடுக்க வேண்டும். சடங்கில் மறைவாக வைக்கப்படுவதை மறைவாகவே விட வேண்டும். செதுக்கியவர் பெயரையும் ஆடியவர் பெயரையும் தம் ஓவியத்தின் கீழ் எழுத வேண்டும். வரைந்ததன் படியொன்றை அவ்வூருக்கே திருப்பி அளிக்க வேண்டும். ஒரு பருவமேனும் ஆசானின் காலடியில் அமர்ந்து, நிற்கவும் நடக்கவும் பயில வேண்டும். இவ்வாறு கற்கும் மாணவரே முகமூடிக்குப் பின்னுள்ள மனிதரை அறிவார். அவர் வரையும் கோட்டில் அம்மனிதரின் மூச்சும் இருக்கும்.