தாழப் பறந்தால் தாழ்வா?

ராக்கெட் என்றால் கண்ணுக்கு மறைய வேண்டும் என்பர் பலர். மாதிரி ராக்கெட்டைப் பொறுத்தவரை நான் இதை ஒப்பவே மாட்டேன்.

1957-ல் அமெரிக்காவில் தொடங்கிய பொழுதுபோக்கு இது. காகிதக் குழாய், மென்மரச் சிறகுகள், கறுப்பு வெடிமருந்து அடைத்த சிறு எஞ்சின்; இவ்வளவே. 'ஏ' எஞ்சினைவிட 'பி' ஏறத்தாழ இருமடங்கு திறனுள்ளது. 'சி' அதனினும் இருமடங்கு. ஆசை யாரை விட்டது! பெரிய எஞ்சினைப் பொருத்துகின்றனர். ராக்கெட் புள்ளியாகி மறைகிறது. உச்சியில் விரியும் பாராசூட்டைக் காற்று எங்கோ இழுத்துச் செல்கிறது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போயிற்று! நேராகப் பறந்ததா, பாராசூட் தக்க நேரத்தில் விரிந்ததா என்பதும் தெரியாது.

1926 மார்ச் 16-ல் ராபர்ட் காடார்ட் ஏவிய, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் எழுந்தது 41 அடிதான்; ஒரு தென்னை மர உயரம்! விழுந்தது 184 அடி தொலைவில். அதன் பாகங்கள் சிலவற்றை மே மாத ராக்கெட்டில் மீண்டும் சேர்த்தார் அவர். காணாமற் போயிருந்தால் எதைச் சேர்த்திருப்பார்?

என்னைக் கேட்டால் சிறு எஞ்சினே போதும். காற்றடிக்கும் நாளில் பாராசூட்டுக்குப் பதில் நீண்ட நாடா ஒன்றைக் கட்டினால் அருகிலேயே இறங்கிவிடும். ஓடிப் போய் எடுத்து வந்து, எஞ்சினை மாற்றி, மாலைக்குள் அதையே மூன்று முறை ஏவலாம்.