உதிரும் இலையும் ஒளிந்த புதையலும்

இலையுதிர் காலம் என்றாலே செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்கள் என்று மேனாட்டு நூல்களில் படிக்கிறோம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூண்டு நிற்க, அவற்றைக் காண்பதற்கென்றே மக்கள் நெடுந்தூரம் பயணம் செய்கின்றனர். ஜப்பானியரோ இதற்கு ‘மொமிஜிகரி’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். ‘சிவந்த இலை வேட்டை’ என்பது அதன் பொருள். படங்களில் இக்காட்சிகளைக் காணும்போது, நமக்கு இப்பேறு வாய்க்கவில்லையே என்று நம்மில் பலர் பெருமூச்சு விடுவதுண்டு.

உண்மையில் நமக்கும் அப்பேறு உண்டு. அக்டோபரில் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். அந்த மாதங்களில் இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் குளித்துப் பச்சை உடுத்தி நிற்கும். நம் இலையுதிர் காலம் தை பிறந்த பின்னர்தான் மெல்லத் தொடங்குகிறது. மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனிக் காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். பனி விலகி வெயில் ஏறும் அந்நாட்களே நாம் இலை காண வேண்டிய நாட்கள்.

குளிர் நாடுகளில் பகற்பொழுது சுருங்கிக் குளிர் வருவதை உணர்ந்து மரங்கள் இலையை உதிர்க்கின்றன. நம் பகுதியிலோ நிலத்தில் ஈரம் குறைவதால் உதிர்க்கின்றன. இலைகளின் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்குமல்லவா? வறட்சி வருமுன் அவ்வாயில்களை மூடிக்கொள்வது மரத்தின் சிக்கனம். பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமியும் புதிதாக உண்டாகிறது. பின்னர் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு தோன்றி இலையை விடுவிக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் பெயரிட்ட மொழி நம் மொழி. பெயர் வைத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். நாம்தான் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

சரி, எங்கே பார்ப்பது? இங்கேதான் நாங்கள் கேள்விப்பட்ட ஒரு விளையாட்டு நினைவுக்கு வருகிறது. ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பைக் கொண்டு, யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்புகளைத் துல்லியமற்றதாக்கி வைத்திருந்த தடையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து, அதன் இடக்குறிப்பைப் பிறருக்கு அறிவித்தார். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு ஒளிந்திருக்கின்றன. கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். மேனாடுகளில் இலை காணச் செல்வோர் பலர், இவ்விளையாட்டையும் உடன் ஆடி அழகிய இடங்களைக் கண்டடைகின்றனர்.

அப்படியானால் செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் அருவிப் பக்கமும் நாமும் பெட்டிகளை ஒளித்து வைக்கலாமே என்று தோன்றும். கூடாது என்பதே எங்கள் கருத்து. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, அவ்வனம் நம் விளையாட்டுத் திடல் அன்று. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. மரத்துக்கு மரம் தாவி, கிளைகளின் வழியே வாழும் அந்த அணிலுக்கு நெகிழிப் பெட்டியும் வேண்டாம், நம் காலடி ஓசையும் வேண்டாம். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில்கூட அனுமதியின்றிப் பெட்டி வைக்க இயலாது.

இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. இலை உதிரும் காலமே காடு எரியும் காலம். எந்தச் சருகின் மீது நடந்தால் காலடியில் இசை எழுகிறதோ, அதே சருகுதான் ஒரு பொறியில் மலை முழுதும் பற்றிக்கொள்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றிருந்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். இயற்கையை நேசித்துச் சென்றவர்களுக்கே அக்கதி நேர்ந்தது. அழகான இடம் என்பதனாலேயே ஓர் இடம் நாம் செல்லத்தக்க இடமாகிவிடாது. தீ அபாயம் மிகுந்த நாட்களில் மலைப்பாதைகள் மூடப்படுவதை, நம் மகிழ்ச்சிக்கு இட்ட தடை என எண்ணுதல் பேதைமை.

ஆகவே மலையைத் தொலைவிலிருந்தே காண்போம். அய்யனார் கோயில் சாலையில் ஆறாவது மைல் அணைப் பக்கம் பெற்றோருடன் செல்லும்போது, சாலையில் நின்றபடியே மலைச்சரிவை நோக்குங்கள். சரிவெங்கும் பழுப்பேறியிருக்க, நடுவே சில பசுங்கோடுகள் மட்டும் வளைந்து இறங்கும். அவை ஓடைகளின் கரைகள். ஈரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மரங்களே எழுதிக் காட்டும் வரைபடம் அது. கோடையிலும் அணில்களுக்கு நிழலும் உணவும் தருபவை அக்கரைகளே. பசுமைக் காலத்தில் இந்தக் கோடுகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இலைகளோ நம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. நாட்டு வாதுமை தன் அகன்ற இலைகளைக் குங்குமச் சிவப்பாக்கி உதிர்க்கிறது. அரசமரம் மொட்டையாகிச் சில நாட்களில் செம்பு நிறத் தளிரால் மின்னுகிறது. வேம்பு மஞ்சளாய் உதிர்ந்து செந்தளிர் விடுகிறது. புங்கமரம் பளபளக்கும் இளம்பச்சையில் புதிதாய்ப் பிறக்கிறது. வாகையின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. மேனாட்டு இலையுதிர் காலத்திற்குப் பின் வருவது நீண்ட வெண்பனி. நம் ஊரிலோ பழுப்பும் தளிரும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இவற்றைத் தேட ஒரு விளையாட்டு அமைப்போம். ஜியோகேச்சிங்கிலேயே பெட்டியில்லாத வகை ஒன்று உண்டு. இடத்தைக் கண்டு, அங்கே கற்றதை எழுதுவதே அதில் புதையல். பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர இயலாத நமக்கு இடக்குறிப்பு எதற்கு? நம் பாட்டிமார் தந்த விடுகதை போதாதா? “உதிரப் போகும் நாளில் நாணிச் சிவப்பவள் யார்?” “காய்ந்த பின்னரே பேசத் தொடங்கும் காய் எது?” இப்படி ஒரு சீட்டும், ‘கொடிக்கம்பத்திலிருந்து மேற்கே நாற்பது அடி’ என்னும் குறிப்பும் இருந்தால் போதும். விடை ஒரு மரத்தின் பெயர். கண்டவர் குறிப்பேட்டில் நாளையும், பழுத்த இலை எவ்வளவு, தளிர் எவ்வளவு என்பதையும் எழுதட்டும். அதே மரத்தை ஆண்டுதோறும் எழுதி வந்தால், பருவம் தவறுவதை நம் ஏடே சொல்லிவிடும். ‘சீசன் வாட்ச்’ என்னும் திட்டத்தில் கேரளப் பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் ஒரு மரத்தைப் பார்த்து இவ்வாறே குறித்து வருகிறார்கள்.

இராஜபாளையத்தின் சஞ்சீவி மலையைப் பற்றிய கதையை அறிவோம். மூலிகை எதுவென்று அறிய இயலாத அனுமன் மலையையே பெயர்த்தெடுத்து வந்தாராம். அதிலிருந்து விழுந்த துண்டே இம்மலை என்பர். அவரிடம் மலையைத் தூக்கும் தோள்வலி இருந்தது. அது இல்லாத நாம் செடி கொடிகளின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டாமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “குப்பை போடுகிறது” என்னும் ஒரே குற்றச்சாட்டில் நம் தெருக்களில் எத்தனை வாதுமைகளும் வேம்புகளும் வெட்டப்படுகின்றன! அண்டை வீட்டு முற்றத்தில் இலை விழுந்தது என்பதற்காக மூண்ட சண்டைகள் எத்தனை! மாசியில் பதினைந்து நாள் கூட்டிப் பெருக்கும் சிரமம் உண்மையே. எனினும் சித்திரை வெயிலில் அம்மரம் தரும் நிழலுக்கு அது மிகச் சிறிய வாடகை. கூட்டிய சருகைக் கொளுத்தாமல் ஒரு குழியில் இட்டு நீர் தெளித்து வந்தால், அதுவே எருவாகும்.

பெயர் தெரிந்த மரத்தை வெட்டக் கை எளிதில் எழாது. காண்பதற்கென ஒரு நாள் ஒதுக்கிய இலையைக் குப்பை என்று சொல்ல நா எழாது. எனவே அன்புத் தோழியரே, வரும் மாசியில் ஆண்டுத் தேர்வுக்குப் படிப்பதற்கிடையே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் முதலில் பழுக்கும் மரம் எது என்று தேடிக் கண்டு, அதன் பெயரைத் தம்பி தங்கையருக்கும் சொல்லிக் கொடுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.