செங்கடலைத் தவிர்க்கும் கப்பல்கள்... தென்னாப்பிரிக்காவில் மிரட்டும் ராட்சத அலைகள்: காரணம் என்ன?

செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து பல சரக்குக் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன. அங்கே இருப்பது வேறொரு ஆபத்து: அகுல்ஹாஸ் நீரோட்டம்.

இது அந்நாட்டின் கிழக்குக் கரையோரமாகத் தென்மேற்கு நோக்கிப் பாய்கிறது. தென்மேற்கில் புயல் கிளப்பும் அலைகளோ நேர் எதிரே வருகின்றன.

ரெண்டும் மோதினால் என்ன ஆகும்? அலைகளுக்கு இடையிலான தூரம் சுருங்கும். உயரம் கூடி, அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும். பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போல, நீரோட்டத்தின் வளைவுகளும் சுழல்களும் அலைகளைத் திருப்பி ஒரே இடத்தில் குவித்துவிடும்.

1968-ல் டர்பன் அருகே 'வேர்ல்டு குளோரி' எண்ணெய்க் கப்பல் ராட்சத அலையில் சிக்கி ரெண்டாக உடைந்தது.

தப்பிக்க வழி? தென்மேற்குக் காற்று பலமாக வீசினால், 200 மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள கரைப்பக்கம் ஒதுங்கணும். அங்கே நீரோட்டத்தின் வேகம் குறைவு.