ஆறே தூர்வாரிக்கொள்ளுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்கு முன்பாகத் தூர்வாரும் பணி எங்கள் பகுதியில் நிறைவடைந்துவிட்டதாகச் சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. கூடவே ஒரு படம். அந்தப் படத்தில் இருப்பது எங்கள் ஊர்க் குளத்தின் உபரி நீர் போகும் மறுகால் ஓடை. கைநீட்டி எதையோ காட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு ஹிட்டாச்சி நிற்கிறதே, படம் எடுத்த மறுநாள் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நிறைவடைந்தது படம் பிடிக்கும் பணி மட்டும்தான்.

நடந்தது இதுதான். சாலையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு மட்டும், குளத்து நீர் வழியும் கலுங்கை ஒட்டி மிதந்த அமலைச் செடியை வழித்தார்கள். வழித்த சகதியை அப்படியே கரையோரம் குவித்தார்கள். முதல் மழைக்கே அது மறுபடி ஓடைக்குள் சரியும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். அடியில் படிந்திருக்கும் வண்டலை ஒருவரும் தொடவில்லை. ஓடை தாமிரபரணியில் போய்ச் சேரும் இடத்தில் உடைமரம் காடாக மண்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் இயந்திரம் போகவே இல்லை. வாசலை அடைத்துப் போட்டுவிட்டு நடுவீட்டைப் பெருக்கிய கதை!

ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, பொறுப்பில் இருக்கும் ஓர் அலுவலரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாகத்தான் கேட்டோம். “சார், ஆத்துல சேருத எடத்துலதான அடைப்பு இருக்கு? அதை எடுக்காம மேல மட்டும் வழிச்சா என்ன பிரயோசனம்?” என்றார் எங்களில் மூத்தவர். வந்த பதில்: “பெரிய வெள்ளம் வந்தா ஆறே எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும், அண்ணாச்சி. நீங்க ஏன் கவலப்படுதிய?” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எங்கள் கூட்டத்தில் 2023 வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒருவர் இருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆறு அடித்துக்கொண்டு போகும் என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பர் 17 இரவு அது எங்கள் வாழைகளைக் கொண்டுபோனது. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கொண்டுபோனது. கட்டிப்போட்டிருந்த மாடுகளைக் கொண்டுபோனது. ஏரலில் கடைகடையாகப் புகுந்து சரக்குகளை வாரியது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியைக்கூட அரித்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, 800 பேர் அளவில் அதில் சிக்கிக்கொண்டார்கள். நாடு முழுக்கப் பேசியது அந்த ரயிலைப் பற்றித்தான். எங்கள் ஊர்களுக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆள் வர வழியில்லை, செல்போனும் இல்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. இவ்வளவையும் அடித்துக்கொண்டு போன ஆறு, உடைமரத்தையும் வண்டலையும் மட்டும் கொண்டுபோகவில்லை. மேலும் மண்ணைக் கொண்டுவந்து எங்கள் வயல்களில் கொட்டிவிட்டுப் போனது. அலுவலர் நம்பியிருக்கும் தூர்வாரும் இயந்திரத்தின் லட்சணம் இது.

“காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தால் எந்த ஓடைதான் தாங்கும்?” என்று உடனே கேட்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி. ஸ்ரீவைகுண்டத்தில் 62, திருச்செந்தூரில் 69 என்று அந்தக் கணக்கை நாங்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அத்தனை மழையையும் ஓடை விழுங்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? வந்த தண்ணீர் வடிய வழி வேண்டும், அவ்வளவுதான். மறுகால் போக வழியில்லாவிட்டால் குளம் கரையை உடைத்துக்கொண்டுதான் போகும். அன்றைக்கு மாவட்டம் முழுக்கக் குளங்கள் உடைந்தன. மேலே அணைகளில் திறந்த நீர், சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாற்று நீர், உடைந்த குளங்களின் நீர் எல்லாம் ஒன்றாக இறங்கியது கடைசியில் இருக்கும் எங்கள் தலையில். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதற்கும் கீழே இருக்கிறவர்கள் நாங்கள். கோடையில் தண்ணீர் கேட்டால் “கடைமடை, கொஞ்சம் பொறுங்கள்” என்கிறார்கள். வெள்ளம் மட்டும் எங்களுக்கு முன்னுரிமையோடு வந்துவிடுகிறது.

தூர்வாரினால் மணல் கொள்ளை போகும் என்று இன்னொரு சாக்கு. இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இந்த ஆற்று மணலுக்காக எங்கள் ஸ்ரீவைகுண்டத்துக்காரர், கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2010இல் தடை வாங்கினார். 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரத் தொடங்கியபோதும், தூர் என்ற பெயரில் மணல் போகிறது என்று ஊரார் போராடத்தான் செய்தார்கள். ஆனால் திருடன் வருவான் என்று வீட்டுக்குக் கதவே வைக்காமல் இருப்பார்களா? எத்தனை லோடு எடுத்தோம், எங்கே கொட்டினோம் என்று ஒரு பலகை எழுதி ஓடைக்கரையில் வைக்கட்டும். வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறோம். கணக்கைக் காட்டப் பயப்படுகிறவர்கள்தான் மணலைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அப்போதும் இதே பேச்சு, இதே வாக்குறுதி. 2023 வெள்ளத்துக்குப் பிறகு, எச்சரிக்கை கொடுத்தோம் என்று டெல்லியும், இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே என்று சென்னையும் தொலைக்காட்சியில் மாறிமாறிச் சண்டை போட்டதை, கரண்ட் வந்த பிறகு நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். நிவாரணம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். அந்தப் பணத்தில் வீட்டுக்குள் வந்த சேற்றைத்தான் வார முடிந்தது. ஓடையையும் நாங்களேதான் வாரிக்கொள்ள வேண்டுமென்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அலுவலகம், ஜீப், டெண்டர் என்று அரசுக்கு எவ்வளவு செலவு மிச்சம்!

சாலையோரம் அரைகுறையாக வழித்த வேலைக்கு முழுப் பணம் பட்டுவாடா ஆகும் முன், மாவட்ட ஆட்சியர் இந்த ஓடையைக் கலுங்கிலிருந்து ஆறு வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஜீப்பில் வந்தால் தெரியாது, ஜீப் போகும் பாதையில் ஓடை சுத்தமாகத்தான் இருக்கிறது. கரையில் குவித்த சேற்றை அப்புறப்படுத்தி, சேரும் இடத்து உடைமரங்களை வேரோடு எடுக்க உத்தரவிட வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த வருஷம் இரட்டிப்பாகத் தழைக்கும். புன்னக்காயல் முகத்துவாரத்தில் மண் மேடு தட்டினால் அதையும் மழைக்கு முன்பே பார்த்தாக வேண்டும். கடலில் சேர வழியில்லாத தண்ணீர் திரும்பி ஊருக்குள்தான் வரும். ஐப்பசி பிறக்க இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை.

இப்படிக்கு,
ஆற்றங்கரை விவசாயி ஒருவர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.