பொன்னாடை யாருக்கு, வாழைப்பழத் தோல் யாருக்கு?

நிதி திரட்டும் சைக்கிள் பேரணின்னு போஸ்டரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிடும். புற்றுநோய்க்கோ கண்தானத்துக்கோ, எந்த நல்ல காரியமா இருந்தாலும் அதோட எனக்குச் சண்டை இல்லை. மதுரையில கிளம்பி மேலூர் தாண்டி எங்க கொட்டாம்பட்டி வரைக்கும் நாலுவழிச் சாலையில மிதிச்சு வர்றவங்க மேலயும் கோபம் இல்லை. அந்த வெயில்ல அவங்களும் பாவம்தான். என் சண்டை மேடையோட.

விடியக் காலையில எழுந்து தண்ணி கேன் இறக்குறது யாரு? சர்வீஸ் ரோடு வந்து சேர்ற இடத்துல சிவப்புக் கொடியோட நின்னு லாரிக்காரங்ககிட்ட திட்டு வாங்குறது யாரு? பஞ்சர் சாமானோட கடைசி ஆளுக்கும் பின்னாடி உருட்டிக்கிட்டு வர்றது? எல்லாரும் போனப்புறம் ரோட்டோரம் கிடக்குற வாழைப்பழத் தோலையும் காலி பாட்டிலையும் பொறுக்குறது? பொன்னாடை இவங்களுக்குத்தான்னு நினைச்சீங்கன்னா நீங்க ரொம்ப அப்பாவி. அது கொடியசைச்சிட்டு கார்ல ஏறிப் போனவருக்கு. இவங்களுக்கு நன்றியுரையோட கடைசி வரியில ஒரு 'மற்றும்'. அதுவும் மைக்கை அணைக்கிற நேரத்துல.

"சேவைன்னு வந்துட்டு பாராட்டை எதிர்பார்க்கலாமா?"ன்னு உடனே ஒரு பெரியவர் கிளம்புவார். அய்யா, அந்தத் தத்துவத்தை மேடையில மாலைக்குக் கழுத்தை நீட்டுறவர்கிட்ட சொல்லிப் பாருங்களேன் :-)

காலேஜ் பசங்க கதை தனி. 1969ல ஆரம்பிச்ச நாட்டு நலப்பணித் திட்டத்துல வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்டணும். நல்ல திட்டம்தான், குறை சொல்லலை. ஆனா பஸ்ல அள்ளிப் போட்டுக் கொண்டாந்து, அட்டென்டன்ஸ் எடுத்துட்டு, அதுக்குப் பேரு 'தன்னார்வம்'னா எப்படி? அதுல 'தன்' எங்க இருக்கு, 'ஆர்வம்' எங்க இருக்கு?

சைக்கிளையும் தொண்டர்களையும் பத்திப் பேசினா புதுக்கோட்டையைப் பேசாம இருக்க முடியாது. எங்க ஊருக்குப் பக்கம்தான். சிங்கம்புணரி தாண்டி பொன்னமராவதி போனா அந்த மாவட்டம் வந்துடும். 1991ல அங்க அறிவொளி இயக்கம் தொடங்கினப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோட பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. 1992ல 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய ஓட்டிக் காட்டினதை பி. சாய்நாத் எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தாங்க. அதுலயும் ஒரு வசதி, முன் பார்ல பிள்ளையை உட்கார வச்சுக்கலாம்.

இதெல்லாம் தானா நடக்கலை. பகல் முழுக்க வேற பொழைப்பு பார்த்துட்டு, சாயங்காலம் சம்பளம் இல்லாம பாடம் சொல்லிக் கொடுத்த தொண்டர்கள், சீட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடின தொண்டர்கள். அங்க அவங்களுக்குச் சால்வை போட்டு அனுப்பலை. சைக்கிள் வாங்க பெண்களுக்கு பேங்க் கடனுக்கு வழி பண்ணினாங்க. ஊர் ஊராப் போற அறிவொளிப் பெண்களுக்கு யுனிசெஃப் 50 மொபெட் கொடுத்துச்சு. செய்யுற வேலைக்குக் கருவி கொடுத்தாங்க பாருங்க, அதைத்தான் நான் பாராட்டுன்னு சொல்வேன்.

அப்படி இருந்தும் இன்னிக்கு நமக்குக் கடகடன்னு வாயில வர்றது யார் பேரு? கலெக்டர் பேரு, பத்திரிகையாளர் பேரு. தொண்டர்கள்ல எனக்கு டக்குனு ஞாபகம் வர்றது முத்து பாஸ்கரன் ஒருத்தர். அதுவும் அவர் சைக்கிள் பாட்டு எழுதினதால. பாட்டு எழுதத் தெரியாம, சீட்டைப் பிடிச்சுக்கிட்டு மூச்சிரைக்க ஓடினவங்களை யார் எழுதி வச்சா?

அதனால பேரணி நடத்துற புண்ணியவான்களே, பேனர்ல நன்கொடையாளர் லோகோவுக்குப் பக்கத்துல தொண்டர்கள் பேரையும் போடுங்க. பேரு தெரியலைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. சிறப்பு விருந்தினர் கை கழுவின அப்புறம் மிச்சம் இருக்குற ஆறின பொங்கலை அவங்க தலையில கட்டாதீங்க. வீடு திரும்ப பஸ் காசு கொடுங்க. அடுத்த வருஷம் எந்த வழியா போகலாம், எங்க தண்ணி வைக்கலாம்னு பேசுற கூட்டத்துக்கும் அவங்களைக் கூப்பிடுங்க. எந்தத் திருப்பத்துல வண்டி எவ்வளவு வேகமா வரும்னு அங்க நின்னவனுக்குத்தானே தெரியும்?

பொன்னாடைச் செலவை நிறுத்தினா கொடி பிடிக்கிற பசங்களுக்கு ஆளுக்கொரு ஒளிரும் சட்டை வாங்கலாம். திருச்சி ரோட்டுல விடியக்காலை இருட்டுல நிக்குறாங்க.